அரையாண்டு லீவில் ஐந்து நாள்: எழுத்து வந்த வழி

முதல் நாள்: எழும்பூர்

நான் செய்தித்தாள் படிக்கப் பழகியது எனக்காக இல்லை, அம்மாவுக்காக. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டித் தன் பெயரைக் கண்டுபிடிப்பார், அதற்கு மேல் போகமாட்டார். சாயங்காலம் உலை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன சேதி போட்டிருக்கான், படி" என்பார். அப்பா டீக்கடையிலிருந்து மடித்து எடுத்துவந்த தாளை, பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலே சத்தமாகப் படிப்பேன். நாற்பது வருடம் ஓடிவிட்டது, இன்றும் ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவுக்குச் சேதி சொல்லியாக வேண்டும். வீட்டில் டிவி இருக்கிறது, ஆனாலும் நான் படித்தால்தான் அவருக்கு அது சேதி.

இந்த 2025ம் வருடம் நான் படித்துக் காட்டியதில் பெரும்பகுதி படிப்பைப் பற்றிய செய்திகள்தான். சமக்ர சிக்‌ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் வரவேண்டிய 2,152 கோடி ரூபாய்க்காகத் தமிழ்நாடு உச்சநீதிமன்றம் போனது, ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளிவந்தது, நடுவில் கீழடி அகழாய்வு அறிக்கைச் சண்டை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு நாள் அம்மா கேட்டார்: "இந்தப் படிப்பெல்லாம் மொதல்ல நம்ம ஆளுகளுக்கு எப்படிடா வந்துச்சு?" எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளிக்கவும் மனம் ஒப்பவில்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று பிளஸ் ஒன் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்று கன்னிமாரா நூலகம் மட்டும்தான். 1896ல் திறந்தது, அருங்காட்சியக வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மகள் வெளியே நின்று அந்தச் சிவப்புக் கட்டடத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தோன்றுவது ஒரு சட்டம். 1954ல் வந்த சட்டப்படி இந்தியாவில் யார் புத்தகம் போட்டாலும் நான்கு நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி தன் செலவில் அனுப்ப வேண்டும், அந்த நான்கில் ஒன்று இது. 1956ல் செய்தித்தாள்களையும் அதில் சேர்த்தார்கள். அப்படியென்றால் சின்ன ஊரில் ஒருவர் தன் கைக்காசைப் போட்டு அச்சடித்த கவிதைப் புத்தகத்துக்கும் இங்கே ஓர் இடம் உண்டு, பெரிய பதிப்பகத்தின் தடிமனான நாவலுக்கு இருக்கிற அதே உரிமையோடு. மகளிடம் இதைச் சொன்னதும், "அப்போ நான் புக் எழுதுனாலும் இங்க வைப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். வைப்பார்கள்.

உள்ளே மேசைகளில் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், பழைய வினாத்தாள் கட்டு. நூலகம் வாசகர்சாலையாக இல்லாமல் தேர்வுக் கூடமாக மாறிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒப்புதல் இல்லை. வீட்டில் படிக்க ஒரு மூலை இல்லாத பையனுக்கு மின்விசிறியும் மேசையும் அமைதியும் காசில்லாமல் கிடைக்கிற இடம் வேறு எது? அவன் இன்று குரூப் நான்குக்குப் படிக்கட்டும், வேலைக்குப் போனபின் ஒரு நாள் கதைப் புத்தகம் எடுக்க வருவான்.

ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அது சரி, அந்தப் புத்தகமெல்லாம் அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?" என்றார்.

இரண்டாம் நாள்: சீர்காழி, தரங்கம்பாடி

காலையில் சோழன் எக்ஸ்பிரஸ். கடலூர் தாண்டியதிலிருந்து இரண்டு பக்கமும் பச்சை, சம்பா கதிர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

சீர்காழியில் இறங்கினோம். சீர்காழி என்றால் ஞானப்பால் கதை எல்லோருக்கும் தெரியும். 1892ல் இங்கே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை எத்தனை பேருக்குத் தெரியும்? கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார், லண்டன் போய் அந்தத் தொழிலைக் கற்றுத் திரும்பினார். 1931ல் அவர் எழுதிய ஐந்து விதிகள் உலகம் முழுக்க நூலகம் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றும் பாடம். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை வீணாக்காதே, நூலகம் வளர்கிற உயிர். மூன்றாவது விதிதான் எனக்கு உயிர். புத்தகமும் தன் ஆளுக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவர் உழைப்பு உண்டு. சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துக் காசு போகிறதே, அது அந்தச் சட்டத்தின் வழியில் வருவது. ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே போட்டிருக்கும். நம் தெரு நூலகத்துக்கு நாம் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று.

அங்கிருந்து திருக்கடையூர் வழியாக பஸ்ஸில் தரங்கம்பாடி. தேவாலயத் தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. கடலோரத்தில் டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டிய கோட்டை. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கியபோது வயது 24கூட நிரம்பவில்லை. மதம் பரப்ப வந்தவர், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தமிழ் கற்ற விதம்தான் என்னை இங்கே இழுத்து வந்தது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகியிருக்கிறார். ஊரை ஆண்ட டேனிஷ் அதிகாரிக்கே அவரைப் பிடிக்கவில்லை, நான்கு மாதம் இதே கோட்டையில் அடைத்து வைத்தார்.

தமிழ் அச்சு இவரோடு தொடங்கியது இல்லை, 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் தரங்கம்பாடியில் நடந்ததில் ஒரு விஷயம் இருக்கிறது. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவை, அதில் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும், ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து சீஸ் அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி எழுத்து வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715ல் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பக்கத்தில் பொறையாரில் ஒரு காகித ஆலையே தொடங்கினார்கள். 36 வயதில் செத்துப்போன அந்த மனிதர், 1718ல் தானே கட்டிய கோயிலுக்குள் அடக்கமாகியிருக்கிறார். மகள் அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "1707ல பொண்ணுங்களுக்குத் தனி ஸ்கூல் ஆரம்பிச்சிருக்காங்கப்பா, போர்டுல இருக்கு" என்று வந்து சொன்னாள்.

அம்மாவிடம் சீஸ் என்றால் என்ன என்று விளக்குவதற்கே ஐந்து நிமிடம் ஆனது. கேட்டு முடித்ததும், "டப்பா மூடியில இருந்தா எழுத்து வந்துச்சு" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். மயிலாடுதுறையில் தங்கல்.

மூன்றாம் நாள்: கும்பகோணம்

அரசு கலைக் கல்லூரி காவிரிக் கரையில் இருக்கிறது. விடுமுறை, ஆள் இல்லை. ஆற்றைப் பார்த்தபடி நின்றோம்.

1880ல் உ.வே.சாமிநாதையர் இந்தக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். வித்துவான் தியாகராசச் செட்டியார் தான் இருந்த இடத்தை விட்டுக்கொடுத்து அவரைக் கொண்டுவந்து வைத்தார். அதே வருடம் ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் (உரிமையியல் நீதிபதி) சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கோவை, உலா என்று அடுக்குகிறார். அவ்வளவும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவர் கேட்டபோது இவரிடம் பதில் இல்லை. தன் காலத்தில் படிக்கக் கூடியதை எல்லாம் படித்துவிட்ட ஒருவருக்கு, அதற்குப் பின்னால் இன்னும் பெரிய ஒரு தமிழ் கிடப்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. பாடத்திட்டம் என்று யாரோ ஒரு வட்டம் போட்டால் அதற்கு வெளியே இருப்பது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், எந்தக் காலத்திலும்.

சிந்தாமணி ஜைன நூல். இவர் சைவ மடத்தில் படித்து வந்தவர். புரியாத இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த ஊர் ஜைனர்கள் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். 1887ல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889ல் பத்துப்பாட்டு, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு, 1898ல் மணிமேகலை. ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராக, வீடு வீடாக, பரணில் கிடக்கும் சுவடிக்காக அலைச்சல். இன்று கைப்பேசியில் புறநானூற்றுப் பாட்டு ஒரு நொடியில் வருகிறதே, அந்த ஒரு நொடிக்கு முன்னால் இத்தனை வருட நடை இருக்கிறது. மகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறிவிட்டது.

சிந்தாமணி வெளிவந்த அதே 1887ல்தான் ராமானுஜன் பிறந்தார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீடு, சின்ன ஓட்டு வீடு, தெருவைப் பார்த்த ஜன்னல். போன வாரம்தான் அவர் பிறந்தநாள் போயிருக்கிறது. 1903ல், பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போது, கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் நண்பர் வழியாக அவர் கைக்கு வந்தது. சுமார் 5,000 தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். அது ஒரு நூலகப் பிரதி. ரங்கநாதன் தன் விதியை எழுதுவதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருடத்துக்கு முன்பே ஒரு புத்தகம் தன் வாசகரைத் தேடி இந்தத் தெருவுக்கு வந்துவிட்டது! அடுத்த வருடம் ராமானுஜன் உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தார், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். உ.வே.சா. அதற்கு முந்தைய வருடம்தான் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியிருந்தார்.

மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வேண்டாம் என்கிறது. இதை எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, பொதுத்தேர்வு இல்லாவிட்டால் சில பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் நேராகப் பன்னிரண்டுக்குத் தாவிவிடும், அதை நானும் பார்த்திருக்கிறேன். அப்படித் தாவுகிற பள்ளியைக் கண்காணிக்க வேண்டுமே தவிர, அதற்காகப் பிள்ளையை மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வில் நிறுத்தக்கூடாது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மகளிடம் கேட்டேன், பரீட்சை இல்லாவிட்டால் இந்த வருடம் என்ன செய்வாய் என்று. "கெமிஸ்ட்ரிய புரிஞ்சு படிப்பேன்" என்றாள்.

சாயங்காலம் இன்னோர் இடத்துக்கும் போனோம். 2004 ஜூலை 16. இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் செத்துப்போனார்கள். நினைவிடத்தில் பெயர்கள், முகங்கள். அன்று அம்மாவுக்குச் செய்தித்தாளைப் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன், அவரும் கேட்கவில்லை. எழுத்து எப்படி வந்தது என்று தேடிக்கொண்டு வந்த எனக்கு, அதைக் கற்கப் போன பிள்ளைகளை நாம் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்பதும் இந்தப் பயணத்தில் சேர்ந்ததுதான். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று ஆனது. இன்று ராத்திரி அம்மாவிடம் அதிகம் பேசவில்லை.

நான்காம் நாள்: தஞ்சாவூர், மேலவாசல்

சரஸ்வதி மகால். நாயக்கர் காலத்து அரண்மனை நூலகம், அதைப் பெரிதாக வளர்த்தவர் 1798 முதல் 1832 வரை இருந்த மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. ஆட்சி அதிகாரம் கம்பெனிக்குப் போய்விட்டது, கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டும் மிச்சம். அந்த நிலைமையில் இருந்தவர் சுவடி சேர்த்தார், மேல்நாட்டுப் புத்தகங்கள் வாங்கிக் கையெழுத்துப் போட்டு வைத்தார், அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்தார், காசியாத்திரை போன இடத்திலும் சுவடிகளை வாங்கி வந்தார். 49,000க்கு மேல் சுவடிகள் இங்கே இருக்கின்றன, பெரும்பகுதி சமஸ்கிருதம், அப்புறம் தமிழ், மராத்தி, தெலுங்கு.

ஓலைச்சுவடியைப் பக்கத்தில் பார்த்தால் எழுத்தின் மேல் கரி தேய்த்த கறுப்பு தெரியும். எழுத்தாணியால் கீறியது மட்டும் போதாது, கரி பூசினால்தான் கீறல் கண்ணுக்குத் தெரியும். பூச்சி அரிக்காமல் இருக்கப் புல்தைலம் தடவுவார்கள். இத்தனை பண்டுவம் பார்த்தாலும் ஓலைக்கு ஆயுள் சில நூறு வருடம்தான், அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பிரதி எடுக்க வேண்டும். ஒரு தலைமுறை சோம்பேறித்தனம் பண்ணினால் ஒரு நூல் காலி.

ராஜாவின் நூலகம் 1918ல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. என் மனசு அந்த வருடத்திலேயே நின்றது. அதுவரைக்கும் அம்மா மாதிரி ஒருத்தி இந்த வாசற்படிக்குப் பக்கத்தில்கூட வந்திருக்க முடியாது.

அதனால்தான் மத்தியானம் மன்னார்குடிக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் மேலவாசல் என்ற ஊர். அங்கே கனகசபை என்பவர் 1931ல் மாட்டுவண்டியில் புத்தகம் அடுக்கிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார், அந்த வேலையில் ரங்கநாதனும் கூட நின்றார். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, வயல், ரோடு, பஸ் நிறுத்தம். ஆனாலும் அந்த ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தோம். அந்த வண்டி மாடு எவ்வளவு வேகம் போயிருக்கும், எந்த மரத்தடியில் நிறுத்தியிருப்பார்கள், படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் யாராவது படித்துக் காட்டியிருப்பார்களா என்றெல்லாம் மகள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தை நினைத்துக்கொண்டேன். இரண்டு ஊர் நூலகத்துக்கு ஒரே நூலகர், அவர் வருகிற நாளில்தான் பூட்டு திறக்கும், மழை பெய்தால் கதைப் புத்தக அலமாரியை நாங்களே நகர்த்தி வைப்போம். 1931ல் மாட்டைக் கட்டி ஓட்டி வந்து கொடுத்தார்கள், நாம் வரி கட்டியும் கதவு திறக்கவில்லை என்றால் கேட்க வேண்டாமா? ஊருக்குப் போனதும் தெருவில் கையெழுத்து வாங்கி மாவட்ட நூலக அலுவலருக்கு மனுக் கொடுக்கப் போகிறேன். மகள் பஸ்ஸிலேயே நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாம் நாள்: மதுரை, கீழடி

விடியற்காலை பஸ்ஸில் மதுரை. முதலில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலை 15ல் திறந்தது. குழந்தைகள் பகுதியில் ஒரே சத்தம், நல்ல சத்தம். எங்கள் ஊர் அலமாரி நினைவிலிருந்து போகாததால் எனக்கு அங்கே முழு சந்தோஷம் வரவில்லை, பெரிய நூலகம் எத்தனை வந்தாலும் பிள்ளை நடந்து போகிற தூரத்தில் ஒன்று வேண்டும்.

மத்தியானம் சிலைமான் தாண்டிக் கீழடி. செட்டிநாட்டு வீடு போல முற்றம் வைத்துக் கட்டிய அருங்காட்சியகம், 2023 மார்ச்சில் திறந்தது. இங்கே தோண்டிய மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி 2025 மே மாதம் அந்தத் துறை கேட்டதும், அவர் மறுத்ததும் செய்தியில் வந்தவை. ஆதாரம் போதாது என்றால் அறிக்கையை வெளியிட்டு, அறிஞர்கள் எல்லோரும் பார்க்க வாதம் செய்யட்டும். பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திருத்து என்பது படிப்புக்கு நல்லதில்லை. அதே சமயம் நம் பக்கத்திலும் ஒவ்வொரு பானை ஓட்டையும் உலகத்திலேயே பழசு என்று பறைசாற்றுகிற அவசரம் இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை 2019ல் வெளியிட்ட ஆய்வில், தோண்டியெடுத்த மாதிரிகளில் ஒன்றுக்குப் பொது ஆண்டுக்கு முன் 580 என்று காலக்கணிப்பு வந்திருக்கிறது. அதுவே என்னை அசைக்கப் போதும்.

அப்புறம் அந்தப் பானை ஓடுகள். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள். ஆதன், குவிரன் ஆதன். பெரும்பாலும் பானை சுட்ட பிறகு கீறியவை, கையெழுத்தும் ஒன்று போல இல்லை, அதனால் குயவர் எழுதியதாக இல்லாமல் வாங்கினவர்களே எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள். மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டாள்: "பானையில எதுக்குப்பா பேர் எழுதணும்?"

"நம்ம வீட்டுச் சொம்புல எதுக்கு எழுதியிருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயர் வெட்டியிருக்கும், கல்யாணம், கிரகப்பிரவேசம், காதுகுத்து என்று தேதியோடு. விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிப்போனால் அம்மா விரலால் தடவியே இது நம்முது என்பார்.

ராத்திரி போனில் இதையெல்லாம் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார், கல்யாணச் சீருக்குப் பித்தளைக் குடம் எடுக்கப் போனபோது பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் என்ன பேர் போடணும் என்று கேட்டாராம், தாத்தா தன் பெயரைச் சொல்ல, கடைக்காரர் பெண்ணுக்குத்தானே சீர், பெண் பெயரையும் போடுவோம் என்று அம்மா பெயரையும் வெட்டிக் கொடுத்தாராம். எழுத்தில் தன் பெயரை அம்மா முதன்முதலில் பார்த்தது அந்தக் குடத்தில். அதை வைத்துத்தான் எழுத்துக் கூட்டவே திரும்பப் பழகினாராம். நாற்பது வருடம் செய்தி படித்துக் காட்டியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

"ஏம்ப்பா, அந்தப் பானையில பொம்பளைப் பேரு ஏதாச்சும் இருந்துச்சா?"

நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆதனைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டேன்.

"பாத்துட்டு வந்து சொல்லு."

மத்தியானம் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. காலையில் திறந்ததும் முதல் ஆளாகக் கீழடிக்குப் போய், ஒவ்வொரு ஓடாகப் பார்த்துவிட்டு அப்புறம் கிளம்புகிறோம். மகள் நோட்டில் தமிழி எழுத்துகளை வரிசையாக எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள், நாளைக்கு அவளே படித்துவிடுவாளாம்.